கிளையண்ட் தளங்களுக்கு எந்த இலவச டேட்டாபேஸ்? மரியாடிபியா, போஸ்ட்கிரெஸா?

#1 நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். சின்னக் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்து, ஹோஸ்டிங்கையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இதுவரை ஒரு ரீசெல்லர் கணக்கில் ஓட்டினேன். டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு, யார் அப்டேட் செய்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது 4 கோர், 8 ஜிபி ராம் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றப் போகிறேன். டெபியன் 12 லினக்ஸ் போடுவதாக எண்ணம்.

தளங்கள் முப்பதுக்குப் பக்கம். பெரும்பாலும் வேர்ட்பிரஸ், அதில் நாலைந்து ஊகாமர்ஸ் கடைகள். ஒரு பள்ளிக்கூடத்தின் மூடில் (ஆன்லைன் பாடங்களுக்கான மென்பொருள்). ஒரு பனியன் கம்பெனிக்கு நானே லாரவெல்லில் (பிஹெச்பி ஃப்ரேம்வொர்க்) எழுதிய ஆர்டர் டிராக்கிங். அப்புறம் ஒரு பழைய டாட்நெட் தளம், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடுகிறது. அதை எழுதியவர் இப்போது தொடர்பில் இல்லை.

காசு கொடுத்து டேட்டாபேஸ் வாங்கும் நிலையில் நான் இல்லை. நண்பர் ஒருவர் "எல்லாத்தையும் போஸ்ட்கிரெஸுக்கு மாத்திடு" என்கிறார். இன்னொருவர் "மைஎஸ்கியூஎல் ஆரக்கிள் கையில இருக்கு, என்னைக்கு வேணும்னாலும் காசு கேட்பான்" என்கிறார். கிளையண்டிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் தளத்தை இதில் ஓட்டினால் லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை. ஒருவருடைய டேட்டா இன்னொருவர் கண்ணில் படக்கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை, என் கிளையண்டுகளில் இரண்டு பேர் நேரடிப் போட்டியாளர்கள், ஒரே தெருவில் கம்பெனி.

#2 ரூட்_ராசு

வேர்ட்பிரஸ் என்று சொன்ன இடத்திலேயே பாதிக் கேள்வி முடிந்துவிட்டது தம்பி. வேர்ட்பிரஸ் அதிகாரபூர்வமாக ஆதரிப்பது மைஎஸ்கியூஎல்லும் அதிலிருந்து பிரிந்த மரியாடிபியும்தான். போஸ்ட்கிரெஸில் ஓட்ட இடையில் ஒட்டுவேலைகள் இருக்கின்றன. ஆனால் எந்த ப்ளகின் எப்போது நேரடியாக ஒரு மைஎஸ்கியூஎல் க்வெரியை அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊகாமர்ஸ் கடையில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

மரியாடிபி போடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

#3 யானைப்பாகன்

ராசு அண்ணன் சொன்னது வேர்ட்பிரஸுக்குச் சரி. ஆனால் லாரவெல்லில் சொந்தமாக எழுதியதையும், மூடிலையும் ஏன் அதே கூடையில் போட வேண்டும்? மூடில் போஸ்ட்கிரெஸை முழுமையாக ஆதரிக்கிறது. லாரவெல் கேட்கவே வேண்டாம்.

ஆர்டர் டிராக்கிங் என்கிறீர்கள். அதில் கணக்கு இருக்கும், சரக்கு இருக்கும். நான் போஸ்ட்கிரெஸைப் பிடித்துத் தொங்குவதற்கு முக்கியக் காரணம் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளும் டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது என்ற கட்டு) அடங்கும் என்பதுதான். லாரவெல் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் கோப்பு) ஓடும்போது நடுவில் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் முதல் இரண்டு டேபிள் மாறியிருக்கும், மூன்றாவது மாறியிருக்காது, மைக்ரேஷனை மறுபடி ஓட்டினால் "இந்த காலம் (column, நெடுவரிசை) ஏற்கெனவே இருக்கிறது" என்று நிற்கும். நேரடித் தளத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு இதைக் கையால் சரி செய்வது பிடிக்கும் என்றால் சரி.

இன்னொன்று. செக் கன்ஸ்ட்ரெயிண்ட் (எந்த மதிப்பை ஏற்கலாம் என்ற விதி) என்று எழுதினால் மைஎஸ்கியூஎல் அதைப் படித்துவிட்டு, பிழையும் சொல்லாமல், கண்டுகொள்ளாமல் விட்டுக்கொண்டிருந்தது. எத்தனை வருஷம் தெரியுமா? 2019-ல் 8.0.16 வரும் வரைக்கும். மரியாடிபி அதற்கு முன்பே 10.2-ல் திருத்திக்கொண்டது. இப்போது இரண்டிலும் சரியாகிவிட்டது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டேட்டாவைப் பற்றிய மனப்போக்கு என்று ஒன்று இருக்கிறது இல்லையா?

#4 ரூட்_ராசு

மனப்போக்கை வைத்து சர்வர் ஓட்ட முடியாது பாகா. தம்பி கேட்டது "எது நல்ல டேட்டாபேஸ்" என்று இல்லை. "மற்றவர்கள் தளத்தை ஒரே பெட்டியில் வைத்து ஓட்ட எது" என்று. அது வேறு கேள்வி.

ஹோஸ்டிங் பக்கமிருந்து பார்த்தால் மைஎஸ்கியூஎல் குடும்பத்தில் சில விஷயங்கள் முதலிலேயே சரியாக அமைந்திருக்கின்றன. ஒரு யூசருக்கு ஒரு டேட்டாபேஸ் மீது மட்டும் உரிமை கொடுத்தால், அவர் பட்டியலைக் கேட்கும்போது அந்த ஒன்று மட்டும்தான் தெரியும். போஸ்ட்கிரெஸில் அப்படி இல்லை. ஒரே சர்வரில் இருக்கும் எல்லா டேட்டாபேஸ்களின் பெயரும் உள்ளே வந்த எவருக்கும் தெரியும். அதோடு, புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் "எல்லோரும் இணையலாம்" என்ற அனுமதி தானாகவே இருக்கும். நாம்தான் ஒவ்வொன்றிலும் அதைப் பறிக்க வேண்டும். உள்ளே இருக்கும் டேபிளைப் படிக்க முடியாது என்பது வேறு. தம்பியின் ஒரே தெருப் போட்டியாளர்கள் ஒருவர் பெயரை ஒருவர் பார்த்தால் போன் யாருக்கு வரும்?

அடுத்தது கனெக்ஷன். பிஹெச்பி தளங்கள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு இணைப்பைத் திறந்து மூடும். மரியாடிபியில் ஒரு இணைப்பு என்பது ஒரு த்ரெட், செலவு குறைவு. போஸ்ட்கிரெஸில் ஒரு இணைப்பு என்பது ஒரு முழு ப்ராசஸ். இயல்பாக 100 இணைப்புதான் உச்சம். முப்பது தளங்கள், ஒன்றில் தேடுபொறி போட் புகுந்தால் போதும், மற்ற எல்லாத் தளமும் "இணைய முடியவில்லை" என்று நிற்கும். இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போட்டு இதைத் தீர்க்கலாம். ஆனால் அது இன்னொரு சாமான், அதையும் யாராவது பராமரிக்க வேண்டும்.

மரியாடிபியிலும் இந்தக் கூட்டநெரிசல் வரும், அதனால் யூசருக்கு யூசர் அதிகபட்ச இணைப்பு எண்ணிக்கையைக் கட்டிவிடுங்கள். சின்னத் தளத்துக்கு 10, கடைக்கு 25 என்று ஆரம்பித்தால் ஒருவருடைய தொல்லை அடுத்தவருக்குப் போகாது. (போஸ்ட்கிரெஸிலும் ரோலுக்கு, அதாவது அங்குள்ள யூசருக்கு, இந்த வரம்பு உண்டு, பாகன் அடிக்க வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

உரிமை கொடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் உரிமை தரும் கிராண்ட் கட்டளையில் டேட்டாபேஸ் பெயரில் வரும் அடிக்கோடு ஒரு வைல்டுகார்டு. "எந்த ஒரு எழுத்தும்" என்று பொருள். "கடை_1" என்று உரிமை கொடுத்தால் "கடைஅ1", "கடைஆ1" எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். அடிக்கோட்டுக்கு முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். சிபேனல் மாதிரியான ஹோஸ்டிங் பேனல்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். கையால் செய்கிறவர்கள்தான் மாட்டுவார்கள். ஃபைல் என்ற உரிமையை (சர்வரின் ஃபைல்களைப் படிக்க, எழுத விடுவது) எந்தக் கிளையண்டுக்கும் கொடுக்காதீர்கள், கேட்டு அழுதாலும்.

#5 கிழக்குத்தெரு

லைசென்ஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன்.

மைஎஸ்கியூஎல் இலவசப் பதிப்பு ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தின் கீழ் வருகிறது. அதன் நிபந்தனைகள் மென்பொருளை நீங்கள் விநியோகிக்கும்போது, அதாவது இன்னொருவருக்குப் பிரதி கொடுக்கும்போதுதான் செயல்படும். உங்கள் சர்வரில் ஓட்டி, அதன் மேல் கிளையண்டின் தளத்தை நடத்தி, அதற்கு மாதாமாதம் பணம் வாங்குவது விநியோகம் ஆகாது. லைசென்ஸ் வாங்கத் தேவையில்லை. கிளையண்ட் தளத்தின் மூலநிரலையும் வெளியிட வேண்டியதில்லை. மைஎஸ்கியூஎல்லைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூடிய மென்பொருளை பெட்டியாக விற்கிறவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி. மரியாடிபிக்கும் இதே கதை, அதுவும் ஜிபிஎல் 2.

ஆரக்கிள் பயம் எங்கிருந்து வந்தது என்றால், மைஎஸ்கியூஎல்லை 1995-ல் ஸ்வீடனில் தொடங்கினார்கள். 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆரக்கிளின் சொந்தத் தொழிலே காசுக்கு டேட்டாபேஸ் விற்பது, பிறகு பயப்படாமல் என்ன செய்வார்கள்? அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே, 2009-ல், மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸ் பிரித்தெடுத்துத் தொடங்கியதுதான் மரியாடிபி. இரண்டுக்கும் அவருடைய மகள்கள் பெயர்: மூத்தவர் மை, இளையவர் மரியா.

இத்தனை வருஷத்தில் ஆரக்கிள் இலவசப் பதிப்பை மூடவில்லை. மூடினாலும் ஏற்கெனவே ஜிபிஎல்லில் வெளியிட்டதைத் திரும்பப் பிடுங்க முடியாது. புது வசதிகள் சிலவற்றைக் காசுப் பதிப்புக்கு மட்டும் ஒதுக்குவதுதான் நடக்கிறது.

லைசென்ஸைப் பார்த்து உண்மையிலேயே யோசிக்க வேண்டியது மாங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ். 2018-ல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறினார்கள். மாங்கோடிபியையே ஒரு சேவையாக மற்றவர்களுக்குக் கொடுத்தால், அந்தச் சேவையை நடத்தும் உங்கள் மென்பொருள் அனைத்தின் மூலநிரலையும் திறக்க வேண்டும் என்கிறது. அதில் எழுதிய ஒரு தளத்தை ஹோஸ்ட் செய்வது அந்த வரையறைக்குள் வராது என்றுதான் பொதுவான புரிதல். ஆனாலும் "டேட்டாபேஸ் மட்டும் தனியாகத் தருகிறேன்" என்று ஒரு பிளான் போட்டு விற்பதற்கு முன் நன்றாகப் படியுங்கள்.

போஸ்ட்கிரெஸ் லைசென்ஸ் பிஎஸ்டி மாதிரி, கட்டுப்பாடு குறைவு. ஒரே ஃபைலில் அடங்கும் எஸ்க்யூலைட்டுக்கு லைசென்ஸே கிடையாது, பொதுச் சொத்து. இவை இரண்டிலும் தூக்கம் கெடாது.

#6 நூல்கண்டு

கிழக்குத்தெரு சாருக்கு நன்றி, இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. சரி, மைஎஸ்கியூஎல்லா மரியாடிபியா? இரண்டும் ஒன்றுதானே, எதைப் போட்டாலும் ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ரீசெல்லர் கணக்கில் இருப்பது மைஎஸ்கியூஎல் 8.0.

#7 டம்ப்மாஸ்டர்

அந்தக் "இரண்டும் ஒன்று" கதை 5.5 காலத்தோடு சரி. அப்போது ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் அப்படியே ஓடும். இப்போது இரண்டும் தனித்தனி வழியில் வெகுதூரம் வந்துவிட்டன. மைஎஸ்கியூஎல் 8.0-லிருந்து மரியாடிபிக்குப் போகிறவர் டேட்டா ஃபோல்டரைத் தூக்கி வைக்க முடியாது. டம்ப் (டேட்டா முழுவதையும் கட்டளைகளாக எழுதிய ஃபைல்) எடுத்து இறக்குவதுதான் வழி.

இறக்கும்போது முதலில் நிற்கும் இடம் கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் விதி. மைஎஸ்கியூஎல் 8.0 தன்னியல்பாக எல்லா டேபிளுக்கும் "0900" என்று நடுவில் வரும் ஒரு புதிய கொலேஷனைப் போடும். பழைய மரியாடிபிக்கு அந்தப் பெயரே தெரியாது, "அறியாத கொலேஷன்" என்று முதல் டேபிளிலேயே நின்றுவிடும். டம்ப் ஃபைலில் அந்தப் பெயரைத் தேடி, "யூனிகோட் சிஐ" கொலேஷனுக்கு மொத்தமாக மாற்றிவிட்டு இறக்குங்கள். 11.4 வரிசையின் பிந்தைய பதிப்புகள் இதைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் டெபியன் 12-ல் வருவது 10.11.

ஜேசன் காலம் இருந்தால் கவனம். மைஎஸ்கியூஎல்லில் ஜேசன் தனி வகை, பைனரியாகச் சேமிக்கும். மரியாடிபியில் அது லாங்டெக்ஸ்ட்டுக்கு இன்னொரு பெயர்தான், மேலே ஒரு சரிபார்ப்பு மட்டும். வேர்ட்பிரஸுக்குப் பிரச்சினை இல்லை. உங்கள் லாரவெல் கோடில் ஜேசனுக்குள் அம்புக்குறி போட்டுத் தேடும் க்வெரி நேரடியாக இருந்தால் மரியாடிபியில் வேலை செய்யாது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வந்த மரியாடிபி டம்ப் ஃபைல்களில் முதல் வரியாக "சேண்ட்பாக்ஸ் மோட்" என்ற ஒரு கமெண்ட் வரி இருக்கும். பாதுகாப்புக்காகச் சேர்த்தது. அந்த ஃபைலை மைஎஸ்கியூஎல் கிளையண்டிலோ பழைய மரியாடிபி கிளையண்டிலோ இறக்கினால் முதல் வரியிலேயே புரியாத பிழை. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தலையில் கைவைக்க வேண்டாம், முதல் வரியை நீக்கினால் போதும்.

ராம் கணக்கில் மரியாடிபி லேசு. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா என்ற அளவீட்டு வசதி மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும், மெமரி தின்னும். மரியாடிபியில் அணைத்து வைத்திருப்பார்கள், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். 1 ஜிபி, 2 ஜிபி பெட்டியில் இது பெரிய வித்தியாசம். 8 ஜிபியில் பரவாயில்லை.

பதிப்பு ஆயுளையும் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரில் ஆதரவு முடிந்தது. 8.0-க்கு 2026 ஏப்ரல். அதற்கடுத்து 8.4 என்ற நீண்டகாலப் பதிப்பு, 2024-ல் வந்தது. அதில் பழைய பாஸ்வேர்ட் முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், 9.0-ல் நீக்கியே விட்டார்கள். பழைய பிஹெச்பியில் ஓடும் தளம் அப்போது வாசலிலேயே நிற்கும். மரியாடிபி 10.11 நீண்டகாலப் பதிப்பு, 2028 பிப்ரவரி வரை. டெபியன் களஞ்சியத்தில் நேரடியாகக் கிடைப்பதும் அதுதான், மைஎஸ்கியூஎல் வேண்டுமென்றால் வெளிக் களஞ்சியம் சேர்க்க வேண்டும். என் ஓட்டு மரியாடிபிக்கு, ஆனால் காரணம் பெரிய கொள்கை எதுவும் இல்லை: பாதுகாப்புத் திருத்தம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு சேர்ந்து தானாக வருகிறது, தனியாக ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை.

#8 அகரமுதலி

தமிழ்த் தளம் வைத்திருக்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு. இதை யாரும் பேசமாட்டார்கள்.

மைஎஸ்கியூஎல் குடும்பத்தில் எழுத்துக் குறியீட்டை "யுடிஎஃப்8" என்று மட்டும் எழுதினால் பல காலம் அது 3 பைட் வரை தாங்கும் அரைகுறை வடிவத்தைத்தான் குறித்தது. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் தமிழ் தப்பித்துவிடும். எமோஜி பெரும்பாலும் 4 பைட். ஒரு வாடிக்கையாளர் "சேலை சூப்பர்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் அந்தக் கருத்து பாதியில் வெட்டுப்படும், அல்லது சேமிக்கவே மறுக்கும். "எம்பி4" என்று முடியும் வடிவத்தைத்தான் எல்லா இடத்திலும் போட வேண்டும். வேர்ட்பிரஸ் 2015-ல் 4.2 பதிப்பிலேயே அதற்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய தளங்களில் சில டேபிள்கள் மட்டும் பழையபடி தங்கியிருக்கும், மாற்றும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இன்னும் பழைய தளம் என்றால் டேபிள் "லத்தீன்1" (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீடு) என்று சொல்லும், உள்ளே தமிழ் இருக்கும், தளத்திலும் சரியாகத் தெரியும். எப்படியென்றால் இணைப்பும் லத்தீன்1, டேபிளும் லத்தீன்1, நடுவில் யாரும் மொழிபெயர்க்கவில்லை. புது சர்வருக்கு மாற்றிய அன்று எல்லாம் கொக்கி கொக்கியாக வரும். இப்படிப்பட்டதை டம்ப் எடுக்கும்போதே லத்தீன்1 என்று சொல்லி எடுத்து, ஃபைலுக்குள் லத்தீன்1 என்று வரும் இடங்களை எம்பி4 என்று மாற்றி இறக்க வேண்டும். முதலில் ஒரு டேபிளில் மட்டும் செய்து பாருங்கள்.

அகர வரிசையும் கொலேஷனைப் பொறுத்தது. "ஜெனரல் சிஐ" கொலேஷன் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அந்த அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, அப்புறம்தான் ப. ர-வுக்கு அடுத்து ற. பள்ளி மாணவர் பட்டியலை இப்படி அடுக்கிக் கொடுத்தால் தமிழாசிரியர் சும்மா விடமாட்டார். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகம் வழியாகத் தமிழுக்கென்றே ஒரு கொலேஷன் இருக்கிறது, 10-ஆம் பதிப்பிலிருந்து. தேடலுக்கும் "தமிழ்" என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உள்ளே வருகிறது. இந்த விஷயத்தில் யானைப்பாகன் பக்கம் நான்.

டேட்டாபேஸ் எதுவானாலும் மாறாத ஒன்று: வேர்ட்பிரஸில் பதிவின் முகவரித் துண்டு 200 எழுத்து அகலமுள்ள காலத்தில் சேமிக்கப்படுகிறது, அதுவும் சதவீதக் குறியிட்ட வடிவில். ஒரு தமிழ் எழுத்துக்குறி அந்த வடிவில் 9 எழுத்தாகிவிடும். ஆக 22 குறிகளுக்கு மேல் இடமில்லை, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. நீளமான தமிழ்த் தலைப்புகளின் முகவரி நடுவில் வெட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். சர்வர் மாற்றியதால் வந்ததென்று கிளையண்ட் சொன்னால் நம்பாதீர்கள்.

#9 சின்னக்கடை

முப்பதில் எத்தனை தளம் வெறும் "எங்களைப் பற்றி, தொடர்புகொள்ள" மட்டும்? அவற்றுக்கு சர்வர் டேட்டாபேஸே தேவையில்லையே. எஸ்க்யூலைட் ஒரே ஃபைல். பேக்கப் என்றால் அந்த ஃபைல். எஸ்க்யூலைட்டின் சொந்த இணையதளமே எஸ்க்யூலைட்டில்தான் ஓடுகிறது. நாளுக்கு ஒரு லட்சம் ஹிட்டுக்குக் கீழே வரும் தளங்களுக்கு இது போதும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். லாரவெல் 11 புதிதாக ஒரு ப்ராஜெக்ட் தொடங்கினால் அதைத்தான் முதலில் போடுகிறது.

#10 ரூட்_ராசு

ஒரே நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதையும் சொல்லுங்கள். வால் மோடை (WAL, மாற்றங்களை முதலில் ஒரு தனிப் பதிவேட்டில் எழுதும் முறை) போட்டுக்கொண்டால் படிப்பவர்களை எழுதுபவர் தடுக்கமாட்டார், அது சரி. ஆனால் ஃபைல் நெட்வொர்க் டிரைவில் இருந்தால் வால் மோட் கூடாது. வேர்ட்பிரஸுக்கு எஸ்க்யூலைட் ப்ளகின் இருக்கிறது, விளையாடிப் பார்க்க நல்லது, கிளையண்ட் தளத்துக்கு நான் போடமாட்டேன். சும்மா ஐந்து பக்கத் தளத்துக்கு எஸ்க்யூலைட் எதற்கு, ஹெச்டிஎம்எல் போதுமே.

அப்புறம் "ஃபைலைக் காப்பி எடுத்தால் பேக்கப்" என்பதும் பாதி உண்மை. ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி எடுத்தால் அரைகுறையாக வரலாம். அதற்கென்று உள்ளேயே ஒரு பேக்கப் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

#11 நூல்கண்டு

அந்த டாட்நெட் தளத்தை என்ன செய்யட்டும்?

#12 கிழக்குத்தெரு

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம்தான், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி உச்சம், கேஷுக்கு 1,410 எம்பி, 4 கோர். ஏஜெண்ட் (நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் வசதி) கிடையாது, அதனால் பேக்கப் நேரத்தை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில்தான் அமைக்க வேண்டும். டெவலப்பர் பதிப்பும் இலவசம், எல்லா வசதியும் உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், அதை நேரடித் தளத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை.

எழுதியவர் தொடர்பில் இல்லாத தளத்தை இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றுவது வீண்வேலை. ஒரு சின்ன விண்டோஸ் விபிஎஸ்ஸில் அப்படியே தனியாக வையுங்கள், வாடகையை அந்தக் கிளையண்டின் பில்லில் சேருங்கள். பில்லைப் பார்த்ததும் புதுத் தளம் செய்யலாமா என்று அவரே கேட்பார்.

#13 யானைப்பாகன்

பேக்கப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இதை வைத்துத்தான் உண்மையில் முடிவெடுக்க வேண்டும். ஹோஸ்டிங்கில் முழு சர்வரும் போவது அபூர்வம். அடிக்கடி நடப்பது, ஒரு கிளையண்ட் போன் செய்து "பொருள் பட்டியலைத் தெரியாமல் அழித்துவிட்டேன், நேற்று இருந்ததை மட்டும் கொண்டுவாங்க, ஆனா இன்னைக்கு வந்த ஆர்டர் அப்படியே இருக்கணும்" என்பது. அங்கே போஸ்ட்கிரெஸின் கஸ்டம் வடிவ டம்ப் தங்கம். முழு டம்பிலிருந்து ஒரே ஒரு டேபிளை மட்டும் உருவி எடுக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள், தனி டேட்டாபேஸ் டம்பில் ரோல்களும் பாஸ்வேர்டுகளும் வராது. அவற்றை "குளோபல்ஸ் மட்டும்" என்று தனியாக எடுக்க வேண்டும்.

#14 டம்ப்மாஸ்டர்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், டேட்டாபேஸ் பெயர் மட்டும் வேறு.

மரியாடிபியில் எல்லா டேட்டாபேஸையும் சேர்த்து ஒரே ஃபைலாக டம்ப் எடுக்கிறவர்கள் நிறைய. சர்வரே போனால் உதவும். பாகன் சொன்ன போன் வந்தால் அந்த ஃபைலைத் திறந்து தேடுவதற்குள் கிளையண்ட் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். டேட்டாபேஸுக்கு ஒரு ஃபைல், முடிந்தால் டேபிளுக்கு ஒரு ஃபைல். "சிங்கிள் டிரான்சாக்ஷன்" ஆப்ஷன் கட்டாயம்: தளத்தைப் பூட்டாமலே ஒரே கணத்தின் முழுப் படம் கிடைக்கும். ஆனால் இது இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள டேபிள்களுக்கு மட்டும். பழைய தளங்களில் மைஐசாம் என்ற பழைய முறை டேபிள்கள் ஒளிந்திருக்கும், அவற்றுக்கு இந்த உத்தரவாதம் இல்லை. மாற்றும்போதே எல்லாவற்றையும் இன்னோடிபி ஆக்கிவிடுங்கள்.

யூசர்களும் உரிமைகளும் "மைஎஸ்கியூஎல்" என்ற பெயருள்ள உள் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதையும் எடுக்காவிட்டால் டேட்டா திரும்ப வரும், தளம் திறக்காது.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டேட்டா ஃபோல்டரை ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) போட்டு எடுத்துவிட்டு பேக்கப் இருக்கிறது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பேக்கப் இல்லை. ஃபைல் அளவிலான நகல்தான் வேண்டும் என்றால் மரியாபேக்கப் இருக்கிறது.

எடுத்ததை அதே விபிஎஸ்ஸில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கிளையண்டின் டம்பை எடுத்து, வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி இறக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். கிளையண்ட் "எப்போ சரியாகும்" என்று கேட்கும்போது சொல்ல ஒரு எண் வேண்டும்.

#15 ரூட்_ராசு

பாகா, அப்கிரேட் பற்றியும் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் வம்பு என்பீர்கள்.

#16 யானைப்பாகன்

சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 வருஷ ஆதரவு. பெரிய பதிப்பு மாறும்போது பேக்கேஜை மட்டும் அப்டேட் செய்தால் நடக்காது. பழையதும் புதியதும் இரண்டும் நிறுவியிருக்க, பிஜி அப்கிரேட் என்ற கருவியை ஓட்ட வேண்டும், அல்லது டம்ப் எடுத்து இறக்க வேண்டும். டெபியனில் இதற்கு ஒரு துணைக் கட்டளை இருக்கிறது, வேலை சுலபம்தான். ஆனால் தளம் சிறிது நேரம் நிற்கும்.

அதைவிட மோசமானது ஆப்பரேட்டிங் சிஸ்டம் அப்கிரேடு. எழுத்து வரிசை விதிகளை போஸ்ட்கிரெஸ் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலிருந்து எடுப்பதால், 2018-ல் ஜிலிப்சி 2.28 வந்து விதிகள் மாறியபோது டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் அமைதியாகக் கெட்டுப்போயின. இருக்கும் பதிவையே இல்லை என்று தேடல் சொல்லும். டெபியன் 9-லிருந்து 10-க்கு வந்தவர்கள் எல்லோரும் ரீஇண்டெக்ஸ் செய்ய வேண்டியிருந்தது. போதுமா அண்ணா?

#17 ரூட்_ராசு

போதும் போதும். நேர்மையான மனுஷன்.

#18 நூல்கண்டு

எல்லாவற்றையும் படித்துவிட்டு இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன். வேர்ட்பிரஸ், ஊகாமர்ஸ் எல்லாம் மரியாடிபி 10.11. மூடிலும் அதிலேயே, ஏனென்றால் ஏற்கெனவே மைஎஸ்கியூஎல்லில் இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கும்போது மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. லாரவெல் ஆர்டர் டிராக்கிங் மட்டும் போஸ்ட்கிரெஸ் 15, டெபியனோடு வருவது. அது ஒன்றே ஒன்று என்பதால் பெயர் தெரியும் பிரச்சினையும் இல்லை. டாட்நெட் தளம் தனி விண்டோஸ் பெட்டிக்கு. இரண்டு டேட்டாபேஸையும் ஒரே 8 ஜிபியில் வைக்கலாமா, மெமரியை எப்படிப் பிரிப்பது?

#19 டம்ப்மாஸ்டர்

வைக்கலாம். மரியாடிபியின் பஃபர் பூல் (டேட்டாவை ராமில் வைத்திருக்கும் இடம்) இயல்பில் 128 எம்பிதான், அதை 2 ஜிபி ஆக்குங்கள். முப்பது சின்னத் தளங்களின் டேட்டாபேஸ்களைக் கூட்டினாலே அவ்வளவு வராது, ஒருமுறை கூட்டிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் ஷேர்டு பஃபரும் இயல்பில் 128 எம்பி, ஒரு ஆப்புக்கு 512 தாராளம். ஒர்க் மெமரியை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள், அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகப் போகும்.

மிச்ச ராமைத் தின்னப்போவது டேட்டாபேஸ் இல்லை, பிஹெச்பி. ஊகாமர்ஸ் தளத்தின் பிஹெச்பி ஒர்க்கர் (கோரிக்கைகளைக் கையாளும் ப்ராசஸ்) ஒன்று 100 எம்பியை எளிதாகத் தொடும். தளத்துக்குத் தளம் ஒர்க்கர் எண்ணிக்கையைக் கட்டாவிட்டால், மெமரி தீர்ந்து கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொல்ல வேண்டிய நிலை வரும்போது பெரியதாகப் பார்த்து மரியாடிபியைத்தான் அடிக்கும். லாகில் "டேட்டாபேஸ் நின்றது" என்று மட்டும் தெரியும், காரணம் வேறு இடத்தில் இருக்கும்.

3306 (மரியாடிபி), 5432 (போஸ்ட்கிரெஸ்) இரண்டு போர்ட்டையும் வெளியே திறக்காதீர்கள். 2017-ல் திறந்து கிடந்த மாங்கோடிபிகளை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள், அடுத்து மைஎஸ்கியூஎல்லுக்கும் அதே நடந்தது. கிளையண்டின் டெவலப்பர் கேட்டால் எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கப்பட்ட தனி வழி) கொடுங்கள்.

#20 நூல்கண்டு

ஒரே ஒரு கடைசிக் கேள்வி. லாரவெல் ஆப்பை மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோக டம்பை நேரடியாக இறக்க முடியாதுதானே?

#21 யானைப்பாகன்

முடியாது. பிஜிலோடர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, மைஎஸ்கியூஎல்லில் நேரடியாக இணைந்து டேட்டாவை இழுத்துவரும். ஆனால் டேபிள்களை அதை உருவாக்கவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் லாரவெல் மைக்ரேஷனை ஓட்டிக் காலி டேபிள்களை முதலில் உருவாக்கிவிட்டு, டேட்டாவை மட்டும் பிஜிலோடரால் நிரப்புங்கள். ஆம்-இல்லை காலங்கள் மைஎஸ்கியூஎல்லில் 0, 1 என்று எண்ணாக இருக்கும், போஸ்ட்கிரெஸ் அதை ஏற்காது. மாற்று விதியைப் பார்த்து அமையுங்கள். '0000-00-00' என்று ஏதாவது தேதி இருந்தால் அதையும் பாருங்கள், அப்படி ஒரு தேதி போஸ்ட்கிரெஸுக்குக் கிடையாது.

முடிந்ததும் ஒவ்வொரு டேபிளின் சீக்வென்ஸையும் (அடுத்த ஐடி எண்ணைத் தரும் எண்ணி) கடைசி ஐடிக்கு ஏற்றி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் புது ஆர்டரே "இந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது" என்று திரும்பி வரும்.

தேடலில் இன்னொரு வித்தியாசம்: மைஎஸ்கியூஎல்லில் லைக் என்ற தேடல் சொல்லைப் போட்டால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது. போஸ்ட்கிரெஸ் பார்க்கும். பார்ட்டி பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடும் இடங்களில் எல்லாம் ஐலைக் என்று மாற்றுங்கள்.

#22 நூல்கண்டு

பார்ட்டி பெயர் எல்லாமே ஆங்கிலத்தில்தான், ஆளுக்கொரு மாதிரி தட்டியிருக்கிறார்கள். மாற்றிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அன்றைக்கு லாரவெல்லை மட்டும் முதலில் நகர்த்துகிறேன்.